பெட்டி வந்த காலமும் கோடி வந்த காலமும்

ஒரு படம் ஓடியதா இல்லையா என்பதை நாள்கணக்கில் சொன்ன தலைமுறை எங்களுடையது. ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா என்று போஸ்டரின் குறுக்கே ஒட்டப்படும் துண்டுக் காகிதம்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வசூல் நிலவரம். அந்தத் துண்டு நம் ஆள் படத்தின்மேல் ஏறிவிட்டால் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத் தலைநிமிர்ந்து நடக்கலாம். எதிர்த் தரப்பின் படத்தின்மேல் ஏறினால், கைக்காசு போட்டு ஓட்டுகிறார்கள் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எவ்வளவு போட்டு எடுத்தார்கள், எவ்வளவு திரும்பி வந்தது என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இன்றைக்கு என் அண்ணன் மகன், படம் வெளியான அன்று மதியமே, காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், தமிழ்நாடு எவ்வளவு, கேரளா எவ்வளவு, வெளிநாடு எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறான். அவன் குரலில் இருக்கும் துடிப்பு எனக்கு நன்றாகப் பழக்கமானது. சுவரில் அந்தத் துண்டைத் தேடிக்கொண்டு நான் நடந்த காலத்துத் துடிப்பேதான் அது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். புதுப்படம் என்றால், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஓடி ஓய்ந்து, மன்னார்குடியில் சில வாரம் தங்கி, அதற்கப்புறம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்கிற படம். படம் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. பெட்டி வருகிறது என்பதுதான் பேச்சு. சாயங்கால பஸ் நின்றதும் தகரப்பெட்டி இறங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு கூட்டம் நிற்கும். பக்கத்து ஊர்க் கொட்டகைக்கும் எங்கள் கொட்டகைக்கும் ஒரே பெட்டிதான் என்றால், ஒரு சுருள் அங்கே முடிய முடிய சைக்கிளில் இங்கே வந்தாக வேண்டும். வழியில் அந்தச் சைக்கிள் பஞ்சர் ஆன இரவுகளில் கதாநாயகி பேயிடம் சிக்கிய நிலையிலேயே நாங்கள் முறுக்கு தின்றுகொண்டு காத்திருந்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சைக்கிள்காரர் இருந்திருப்பார். அவர் பெயர் உங்களுக்கும் மறந்திருக்கலாம், ஆனால் அவர் வருகிறாரா என்று இருட்டில் கூர்ந்து பார்த்தது மறந்திருக்காது.

சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பாதியில் நிற்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவதும், முன்னால் இருப்பவன் தன் மேட்டை இன்னும் உயர்த்திக்கொள்வதும், அதைக் கண்டு நாங்கள் எங்கள் மேட்டை உயர்த்துவதும், கடைசியில் பெஞ்சு டிக்கெட்காரர்கள் சத்தம் போடுவதுமாகப் பெயர் போடும் வரை நேரம் போகும். ஒரே புரொஜக்டர் என்பதால் சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும். இரண்டரை மணி நேரப் படத்தை நான்கு தவணையில் பார்த்தோம். அந்த இடைவெளிகளில்தான் படம் எங்களுக்குள் பெரிதாகும். மந்திரவாதியின் உயிர் எதில் இருக்கிறது, கிளியிலா, ஏழு கடல் தாண்டிய குகையிலா என்று ஆளுக்கொரு கதை கட்டி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். இன்று மல்டிப்ளெக்ஸில் ஒரே ஒரு இடைவேளை. அதையும் பாப்கார்ன் வரிசையில் நின்றே கழித்துவிடுகிறோம்.

1978இல் வெளியான விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ எங்கள் கொட்டகைக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வந்த பிறகு ஊர் பழைய ஊராக இல்லை என்பது மட்டும் தெரியும். ஜெயமாலினி பேயாக வந்து, விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, என் அத்தை மறுநாள் காலையில் அடுப்பின் முன் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். “விறகு வெட்டுற செலவு மிச்சம்டா, இந்த வித்தை நமக்குத் தெரியலையே” என்றாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயதுக்குள்தான் இருக்கும். அந்தச் சமையலறைப் பக்கம் இருட்டிய பிறகு தனியாகப் போவதை ரொம்ப நாள் தவிர்த்துவந்த அந்தப் பையனை நினைத்தால் இப்போது எனக்குப் பாசம்தான் வருகிறது. அவன் முழுதாக நம்பினான். அவனுக்குக் கிடைத்தது அவன் கொடுத்த தரை டிக்கெட் காசைவிடப் பல மடங்கு பெரியது.

அந்தக் காட்சிகளின் செய்முறையெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டதுதான். ஆள் மறைய வேண்டுமென்றால் கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கிவிட்டு, மற்றவர்கள் அப்படியே சிலையாக நிற்க, மறுபடி ஓடவிட வேண்டும். ஒருவரே இரண்டு பேராக வர வேண்டுமென்றால் லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து எடுத்து, அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் முழுச் சுருளும் வீண். ‘பாதாள பைரவி’யிலும் ‘மாயா பஜா’ரிலும் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி இவ்வளவையும் கேமராவுக்குள்ளேயே முடித்தார், ஸ்டூடியோவுக்குள் விளக்குகளை வைத்தே அவர் பொழியவிட்ட நிலவு இன்றும் குளிர்கிறது. 1957இல் வந்த ‘மாயா பஜா’ரில் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒற்றையாளாகத் தின்று தீர்க்கும்போது லட்டுகள் தாமாக எழுந்து வாய்க்குள் போகிற அழகுக்கு, இத்தனை கணினி வந்த பிறகும் ஒரு வாட்டம் வரவில்லை.

விட்டலாச்சார்யாவின் கைவசம் அந்தப் படங்களை எடுத்த விஜயா நிறுவனத்தின் பணம் இல்லை. குறைந்த செலவில் படம் எடுப்பவர் என்பதே அவருடைய பெயர். நடிகர் யாராவது கால்ஷீட்டில் தகராறு செய்தால், திரைக்கதையில் ஒரு முனிவரைக் கொண்டுவந்து சாபம் கொடுக்கவைத்து, அந்த நடிகரைக் குரங்காகவோ கிளியாகவோ மாற்றி, குரங்கை வைத்தே மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. நடந்ததோ இல்லையோ, அவரைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. பற்றாக்குறை வந்த இடத்தில் அவர் இன்னொரு மாயத்தைச் செருகினார். எங்களுக்கோ குரங்கு வந்தது கூடுதல் சந்தோஷம்.

அந்தக் காலத்தில் செலவைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்று சொல்லிவிட்டால் அது அப்பாவுக்குத் துரோகம். அப்பா சிறுவனாக இருந்தபோது 1948இல் வந்த ‘சந்திரலேகா’வைப் பார்த்தவர். சாகும்வரை அந்தப் படத்தின் பெயரை ஒரு தொகையோடு சேர்த்தேதான் சொல்வார்: “முப்பது லட்சம்டா! அந்தக் காலத்து முப்பது லட்சம்!” அந்தப் படத்தை எடுத்த ஜெமினி வாசன் செலவையே விளம்பரமாக்கத் தெரிந்தவர், தமிழில் போட்ட பணம் தமிழ்நாட்டிலிருந்து மட்டும் திரும்பாது என்று கண்டு, அதே ஆண்டு கடைசியில் இந்தியில் மாற்றி எடுத்து, நூற்றுக்கணக்கான பிரதிகளோடு நாடு முழுக்கக் கொண்டுபோய் இறக்கினார். இன்றைக்குப் பான் இந்தியா என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதைச் சென்னையிலிருந்து ஒருவர் எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்பே செய்துகாட்டிவிட்டார். ஆனால் அப்பா அந்த முப்பது லட்சத்தைச் சொல்லி நிறுத்தியதே கிடையாது. அடுத்த மூச்சில் முரசுகளுக்கு வந்துவிடுவார். ஆளுயர முரசுகள் வரிசை வரிசையாக, அவற்றின்மேல் ஆடும் பெண்கள், ஆட்டம் முடிந்த நொடியில் முரசுகளைப் பிளந்துகொண்டு வெளியே குதிக்கும் வீரர்கள். கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டுவார். தொகை அவருக்கு வாசல், முரசுகள்தான் வீடு. வாசலிலேயே நின்றுகொண்டு திரும்பிப் போகிறவர்களாக நாம் எப்போது ஆனோம் என்பதுதான் ரொம்ப நாளாக என்னை அரிக்கும் கேள்வி.

அதற்கு எனக்குத் தெரிந்த விடை ஒரு படத்தில் இருக்கிறது. 2010 பொங்கலுக்கு வந்த, செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. ‘பருத்திவீர’னுக்குப் பிறகு கார்த்தி வேறு படம் எதுவும் வெளிவராமல் ஆண்டுக்கணக்கில் இதற்காகக் காத்திருந்தார். சாலக்குடிக் காடு, ஜெய்சல்மேர் மணல், ஐதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். படம் வருவதற்கு முன்பே முப்பத்திரண்டு கோடி என்ற எண் ஊரெல்லாம் வந்துவிட்டது. ‘சந்திரலேகா’வின் தொகை அப்பாவுக்கு வந்து சேர்ந்ததைப் போலத்தான் அதுவும் எனக்கு வந்து சேர்ந்தது, எனக்கும் நெஞ்சு விம்மியது. நம் ஊர் மாயாஜாலத்துக்கு இவ்வளவு பெரிய தொகையை நம்பிப் போட ஒருவர் இருக்கிறாரே என்று.

பொங்கலுக்கு மறுநாள் தஞ்சாவூர்த் தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். பாண்டியர்களிடமிருந்து தப்பவைத்து அனுப்பப்பட்ட சோழ இளவரசனின் வழிவந்தவர்கள், எங்கோ ஒரு தீவில் பசியோடும் பழந்தமிழோடும் பதுங்கியிருந்து, தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான், ஊருக்குத் திரும்பலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். அதைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து பார்ப்பது என்னவென்று சொன்னால் புரியாது. பார்த்திபனின் சோழ ராஜா அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அரங்கில் ஒரு அசைவு இருந்தது. திரைக்கு வெளியே, நடக்கிற தூரத்தில், பெரிய கோயில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அந்தப் புதைமணல் காட்சி. சூரியன் சாயும் நேரத்தில் நடராஜரின் நிழல் மணல்மேல் விழ, அந்த நிழல் போகும் வழியே ஓடினால்தான் பிழைக்கலாம், நிழலை விட்டுக் கால் தவறினால் மணல் விழுங்கிவிடும். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த பையன் நாற்பது வயதுக்கு மேல் எனக்குள் எழுந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

வெளியே வந்தால் டீக்கடையில் ஒரே பேச்சு. பிடித்திருந்தது, பிடிக்கவில்லை, இரண்டாம் பாதி புரியவில்லை, நீளம், ரத்தம் அதிகம் என்பதெல்லாம் நியாயமான பேச்சு. எந்தப் படத்துக்கும் அது உரியது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் ஒரே இடத்தில் போய் முட்டியது: முப்பத்திரண்டு கோடி எங்கே வரப்போகிறது? படத்தை நேசித்த நானும் அந்தத் தரையில் நின்றுதான் வாதாடினேன். தெலுங்கில் போகும், மற்ற மொழிகளில் போகும், வந்துவிடும் என்றேன். தெலுங்கில் போகவும் செய்தது. ஆனாலும் தமிழில் அதற்கு விழுந்த முத்திரை சுமாரான படம் என்பதுதான். நிழல் நடராஜரைப் பற்றி ஒருவரிடமாவது உட்கார்ந்து நான் அன்று பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பதினோரு ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், செல்வராகவனே அதைப் போட்டு உடைத்தார். அந்தப் படத்தின் உண்மையான செலவு 18 கோடிதான். பிரமாண்டப் படம் என்று பேசவைப்பதற்காக 32 கோடி என்று அறிவித்தோம். போட்ட பணத்தைப் படம் திருப்பித் தந்துவிட்டது, இருந்தும் சுமார் என்றே கருதப்பட்டது. என்ன ஆனாலும் பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டேன் என்று வெளிப்படையாக எழுதினார். அவ்வளவு பெரிய இயக்குநர் அதைச் சொல்ல முன்வந்ததற்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை நினைக்க நினைக்க ஆறவில்லை. நடுவில் இருந்த 14 கோடி ரூபாயை யாரும் செலவழிக்கவில்லை. அது எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. இல்லாத அந்தப் பணத்தைத்தான் படம் சம்பாதித்துத் தரவில்லை என்று தமிழ்நாடே குறைசொல்லிக்கொண்டிருந்தது. ‘ஜகன்மோகினி’க்கு யாராவது இப்படி ஒரு தொகையைக் கற்பனையாக அறிவித்திருந்தால் என் அத்தை அடுப்பைப் பார்த்துச் சிரித்திருப்பாளா, இல்லை கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாளா?

கணக்குக்கு வேறு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு பிரதி எடுப்பதே பெரிய செலவு. அதனால் குறைந்த பிரதிகள், ஊர் ஊராக நகரும் பெட்டிகள், மாதக்கணக்கில் ஓட்டம். க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடல் வந்த பிறகு பெட்டி ஒழிந்தது. ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லாத் திரையிலும் ஒரே படம். எல்லாரும் முதல் மூன்று நாளில் பார்த்து முடித்துவிட்டால் நூறாவது நாளுக்கு யார் மிச்சம் இருப்பார்கள்? நாள்கணக்கு தன்னால் செத்தது. அந்த இடத்தில் கோடிக்கணக்கு வந்து உட்கார்ந்தது. விதிவிலக்குபோல 2014இல், எம்.ஜி.ஆரின் 1965ஆம் ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவ’னை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது, சென்னையில் அது வெள்ளி விழா கண்டது. அதே பெயரை வாங்கிக்கொண்ட புதுப்படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போஸ்டர் மூலையில் அந்த வெள்ளி விழாத் துண்டைப் பார்த்து ஒரு பெரியவர் பைக்கை நிறுத்திக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

நாள்கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. அதிலும் தில்லுமுல்லு உண்டு. ஆளில்லாத காட்சியை நூறாவது நாளுக்காக இழுத்துப் பிடித்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தியேட்டர் நம் கண்ணெதிரே இருந்தது. கூட்டம் இருந்ததா இல்லையா என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அறிவிக்கப்படும் மொத்த வசூலில் ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி, தியேட்டர்காரர் பங்கு, வினியோகஸ்தர் கமிஷன் எல்லாம் போக, தயாரிப்பாளர் கைக்கு வரும் ஷேர் என்ன என்பது ரசிகனுக்குத் தெரிய வழியே இல்லை. தியேட்டர்காரர்கள் தினமும் எழுதும் டிசிஆர் என்ற வசூல் அறிக்கை அவர்களுக்கும் வினியோகஸ்தருக்கும் உள்ள விஷயம். வெளியே உலவுவது வேறு எண். என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னால், “சித்தப்பா, கரெக்டா தெரியாதுன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா சண்டை போட ஒரு நம்பர் வேணுமே” என்கிறான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு ‘பாகுபலி’. 2015 ஜூலை 10. தமிழிலும் தெலுங்கிலும் சேர்த்தே எடுக்கப்பட்ட படம். முதல் பாகத்துக்கு 180 கோடி என்றார்கள், இரண்டாம் பாகத்துக்கு 250 கோடி என்றார்கள். அதிரப்பள்ளி அருவியைக் கணினிக்குள் கொண்டுபோய் வானம்வரை உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர்த் துளி துளியாக அதைக் கட்டியெழுப்பியவர்களின் உழைப்பு, மார்கஸ் பார்ட்லி கறுப்பு அட்டையோடு பட்ட பாட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. சாபு சிரிலின் மகிழ்மதியைப் பார்த்தபோது, விட்டலாச்சார்யா கித்தான் துணியில் வரைந்து தொங்கவிட்ட அரண்மனைகள் எல்லாம் ஒரு நாள் இப்படி ஆக வேண்டும் என்றுதான் கனவு கண்டிருக்கும் என்று தோன்றியது. பணம் இல்லாமல் இது வந்திருக்காது. பணத்தைக் குறைசொல்லும் ஆள் நான் இல்லை. மாயாஜாலப் படத்துக்குப் பணம் வேண்டும், தாராளமாக வேண்டும்.

ஆனால் அந்தப் படத்தின் மிகப் பெரிய சொத்து எது என்று யோசித்துப் பாருங்கள். 2015 ஜூலைக்கும் 2017 ஏப்ரலுக்கும் இடையில் டீக்கடையிலும் ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நாடு முழுக்கக் கேட்டது ஒரே கேள்விதான்: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? சத்யராஜை எங்கே பார்த்தாலும் அதைத்தான் கேட்டார்கள். கிளியில் உயிர் இருக்கிறதா குகையில் இருக்கிறதா என்று சுருள் மாற்றும் இடைவெளியில் நாங்கள் கட்டிய கதைகள் இரண்டு ஆண்டு நீண்ட ஓர் இடைவேளையில் மறுபடி உயிரோடு எழுந்து வந்தன. அந்தக் கேள்வியைத் தயாரிக்க ஒரு ரூபாய் கணினிச் செலவு கிடையாது. அந்தக் கேள்விதான் 2017 ஏப்ரல் 28 அன்று தியேட்டர்களை நிரப்பியது. இரண்டாம் பாகம் பத்தே நாளில் ஆயிரம் கோடியைத் தாண்டிய முதல் இந்தியப் படம் ஆனது. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது எதை? கேள்வியை விட்டுவிட்டு ஆயிரம் கோடியை.

2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது என் அண்ணன் மகனோடு முதல் நாளே போனேன். அவன் சூர்யா ரசிகன். எனக்கு அந்த நடிகரின் உழைப்பின்மேல் மதிப்பு உண்டு. படம் வருவதற்கு முன்பே ஆயிரம், இரண்டாயிரம் கோடி என்று பேச்சு. செலவே முந்நூறு கோடிக்கு மேல் என்றார்கள். திரையில் தீவு இருந்தது, குலங்கள் இருந்தன, முதலை இருந்தது, சூர்யா உயிரைக் கொடுத்திருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வாக்குறுதியின் கதை, ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கு, நல்ல மாயாஜாலக் கதைக்கே உரிய எளிமையோடு தனியாக நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பேசவில்லை. மதியத்துக்குள் கேலி தொடங்கிவிட்டது. ஒலி அதிகம் என்ற புகார் எழுந்து குறைத்தார்கள், நீளத்தில் 12 நிமிடம் வெட்டினார்கள். அந்த மாதமே, தியேட்டர் வாசலில் வந்து மக்களிடம் விமர்சனம் எடுக்க விடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டுக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிக்கெட் வாங்கியவன் பேசத்தான் செய்வான். முதலில் வந்து எண்ணைச் சொன்னது அவனில்லையே.

திரும்பி வரும்போது அவன் வாய் திறக்கவில்லை. கைபேசியைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டே வந்தான். கடைசியில், “படம் இவ்வளவு மோசமா சித்தப்பா?” என்று கேட்டான். “உனக்கு எந்த இடம் பிடிச்சுது, அதைச் சொல்லுப்பா” என்றேன். கொஞ்சம் யோசித்து, ஒரு சண்டைக் காட்சியைச் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்லக் கை அசைந்தது, குரல் ஏறியது. வீடு வரும்வரை அதையே பேசினோம். அவன் அப்படிக் கையை விரித்து ஒரு காட்சியை விவரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவன் தாத்தாவை அவனுக்கு அவ்வளவாக நினைவிருக்க வழியில்லை.

செல்வராகவன் படம் 2021இன் கடைசி நாளில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. 2010இல் பால்வாடியில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள் வசனத்தைத் திரையோடு சேர்ந்து சொன்னார்கள்; பார்த்திபன் வந்ததும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு முப்பத்திரண்டும் தெரியாது, பதினெட்டும் தெரியாது. படத்தை மட்டும் பார்த்தார்கள். அந்தத் தியேட்டரில் இருந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது: பதினோரு ஆண்டுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய கைத்தட்டல் இது; கிடைத்திருந்தால் அதன் தொடர்ச்சி எப்போதோ வந்திருக்கும். தமிழில் மாயாஜாலப் படம் எடுக்க யோசித்துக்கொண்டிருந்த இன்னும் நாலு பேருக்குத் துணிச்சல் வந்திருக்கும். செல்வராகவனே 2013இல் ‘இரண்டாம் உலக’த்தை எடுத்து அடி வாங்கினார், அதற்குப் பின் அந்தப் பக்கம் அவரை நம்பிப் பணம் போட ஆள் கிடைப்பது எவ்வளவு கடினமாகியிருக்கும் என்று புரிந்துகொள்ளப் பெரிய வியாபார ஞானம் தேவையில்லை. எண் என்பது படம் போன பிறகும் போகாது. அடுத்த படத்துக்குக் காசு கேட்கப் போகும் அறையில் அது முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கும்.

2021 புத்தாண்டு அன்று ‘ஆயிரத்தில் ஒருவன் 2’ என்று அறிவித்தார்கள். தனுஷ் நடிக்க, 2024இல் வரும் என்றார்கள். அந்த ஆண்டு அது இல்லாமலேயே போனது. நான் இன்னும் எதிர்பார்க்கிறேன். சோழர்களின் அந்தக் கடைசிப் பிள்ளை தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பத்துக் கோடியில் எடுத்தாலும் சரி, ஐந்நூறு கோடியில் எடுத்தாலும் சரி, செலவு எவ்வளவு என்பதைப் படம் ஓடி முடியும்வரை எங்களிடம் சொல்லாமல் எடுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். முதல் நாள், தஞ்சாவூரில், இரண்டு டிக்கெட். அண்ணன் மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.